வாளையார் வரிசையும் இருநூறு கவுண்டர்களும்

பாலக்காட்டு எலப்புள்ளியிலிருந்து பொள்ளாச்சி சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் கொழிஞ்சாம்பாறை வரும். வடக்கே கஞ்சிக்கோட்டைத் தொட்டு கோவை நெடுஞ்சாலையில் ஏறினால் வாளையார். இந்தப் பக்கத்துக்காரர்களிடம் வரிசை என்று சொன்னால் இன்றைக்கும் லாரிதான் நினைவுக்கு வரும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்து வணிகவரிச் செக்போஸ்டுகள் மூடப்படும்வரை, வாளையாரில் சரக்கு லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. டிரைவர் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். கிளீனர் பில் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்கும் வண்டிக்குமாக நடப்பார்.

ஒரு லாரியின் தாள்களைப் புரட்டி முத்திரை குத்த ஆகும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரம் முழுக்க வண்டி சும்மா நிற்கும். சும்மா நிற்பதற்கும் செலவு உண்டு: ஒரு லோடு தக்காளி, இரண்டு ஆள், நெடுஞ்சாலையில் முப்பது அடி நீளம். வலைத்தளங்களை இயக்கும் ஜாவா சர்வர்களின் முப்பதாண்டுக் கதையை இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான். காத்திருப்பவரை எங்கே நிறுத்திவைப்பது?

சர்வருக்குள் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு த்ரெட் எடுத்துக்கொள்கிறது. தமிழில் ‘இழை’ என்று எழுதுகிறார்கள். ஆனால் மென்பொருள் அலுவலகத்தில் யாரும் ‘இழை தொங்கிவிட்டது’ என்று சொல்வதில்லை, ‘த்ரெட் மாட்டிக்கிச்சு’ என்றுதான் சொல்வார்கள். த்ரெட் என்பது கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஒரு எழுத்தர். வருபவரிடம் விண்ணப்பத்தை வாங்குவார், உள்ளே கோப்பறைக்கு ஆளனுப்புவார், கோப்பு வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார், வந்ததும் பதில் எழுதிக் கொடுப்பார், பிறகே அடுத்தவரைக் கூப்பிடுவார். கோப்பறை என்றது டேட்டாபேஸ். கோப்பு வரும்வரை எழுத்தர் கையில் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் அவர் வேறு யாரையும் கவனிக்க மாட்டார்.

இப்படி ஓர் எழுத்தரை வைத்துக்கொள்ள 64 பிட் லினக்ஸில் ஜாவா வழக்கமாக 1 எம்பி இடத்தை ஒதுக்கி வைக்கிறது. அது முழுவதும் உடனே செலவாகிவிடாது என்றாலும் கணக்கில் ஏறிவிடும். 10,000 பேர் ஒரே நேரத்தில் வந்தால் 10,000 எழுத்தர்கள், சுமார் 10 ஜிபி ஒதுக்கீடு. போதாக்குறைக்கு ஒருவரை எழுப்பி இன்னொருவரை உட்காரவைக்கும் வேலையே இயங்குதளத்துக்குப் பெரும் சுமை. 1999இல் டான் கெகல் என்ற அமெரிக்க நிரலாளர் இந்தச் சிக்கலுக்கு ‘சி10கே’ என்று பெயர் வைத்தார். ஒரே பெட்டி 10,000 இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்பதே அதன் பொருள்.

அதே 1999இல்தான் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய டாம்கேட் என்ற சர்வர், அபாச்சி அமைப்பிடம் திறந்த மூலமாக ஒப்படைக்கப்பட்டது. ஓரெய்லி பதிப்பகத்தின் கணினி நூல்களில் அட்டைக்கு ஒரு விலங்கு இருக்கும். தன் மென்பொருளுக்கும் ஒரு நாள் புத்தகம் வரும், அட்டையில் கடுவன் பூனை இருக்கட்டும் என்ற ஆசையில் வைத்த பெயர் அது. புத்தகமும் வந்தது. அட்டையில் இருந்தது பனிச்சிறுத்தை.

டாம்கேட்டைப் பிரித்து உட்கார்ந்தவர்களுக்கு ஓர் எண் மனப்பாடம்: 200. மாற்றாமல் விட்டால் அதிகபட்ச த்ரெட்டுகள் 200தான். இருநூறு கவுண்டர் என்பது தாராளம்போலத் தோன்றும். ஒரு கோரிக்கைக்கு 50 மில்லிவினாடி ஆனால் நொடிக்கு 4,000 பேரை அனுப்பிவிடலாம். உள்ளே டேட்டாபேஸ் திணறி, அதே வேலைக்கு 5 நொடி ஆகிறது என்று வையுங்கள். கவுண்டர் அதே இருநூறு, எழுத்தர்கள் அதே ஆட்கள், ஆனால் நொடிக்கு 40 பேர்தான் வெளியே வருவார்கள். நொடிக்கு 4,000 பேர் உள்ளே வந்துகொண்டே இருந்தால் வாசலில் என்ன நடக்கும் என்பதை வாளையார்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

செக்போஸ்ட் மூடிய பிறகு அந்த லாரி வரிசையே ஒரு நாள் சர்வருக்குள் குடியேறிப் பார்த்தது. சரக்கு வண்டிகளுக்கான இ-வே பில் 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் கட்டாயமானது. முதல் நாளே அதை வழங்கும் வலைத்தளம் முடங்கியது. அன்றைக்கே அரசு அதைத் தள்ளிவைத்தது. ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கும், ஏப்ரல் 15 முதல் கேரளத்துக்குள் ஓடும் சரக்குக்கும் மறுபடி வந்தது. அந்தத் தளம் மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தில் எழுதியது, ஜாவா அல்ல. வரிசைக்கு மொழி பேதம் கிடையாது.

முடங்கிய ஜாவா சர்வரைப் பார்க்கப் போகும் பொறியாளர் முதலில் செய்வது, ஜேஸ்டாக் என்ற கருவியை ஓட்டுவது. அந்தக் கணத்தில் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும் கருவி அது. பழைய பாணிச் சர்வரில் அந்தப் பட்டியல் ஒரு விசித்திரக் காட்சி. இருநூறு பெயர்கள், வால் எண் மட்டும் 1, 2, 3 என்று மாறும். ஒவ்வொன்றுக்கும் கீழே உச்சியில் அதே வரி: சாக்கெட்ரீட்0. அதாவது வலையின் மறுமுனையிலிருந்து பைட் வரட்டும் என்று நிற்கிறது. ஆனால் நிலை என்ற இடத்தில் ‘ரன்னபிள்’, ஓடக்கூடிய நிலை என்று போட்டிருக்கும்! ஜாவாவுக்கு வெளியே, இயங்குதளத்துக்குள் போய் நிற்பதால் அது நிற்பது ஜாவாவுக்குத் தெரிவதில்லை. இருநூறு பேர் தூங்குகிறார்கள், வருகைப் பதிவேட்டில் இருநூறு பேரும் மும்முரம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இந்த இடத்தில் ஏமாறாமல் போனதில்லை.

டாம்கேட்டுக்கு முன்பே பிறந்தது ஜெட்டி. 1995இல் கிரெக் வில்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியர், பிழைகளைக் குறித்துவைக்கும் ஒரு சிறு பயன்பாட்டின் உள்ளுறுப்பாக எழுதத் தொடங்கியது. அவருடைய நிறுவனத்தின் பெயர் மார்ட் பே. சிட்னியில் பால்மெய்ன் பக்கம் உள்ள ஒரு விரிகுடா. ஜெட்டி என்றால் படகுத்துறை. டாம்கேட் ஒரு பெரிய கட்டடம், அதற்குள் நம் பயன்பாட்டைக் குடிவைக்க வேண்டும். ஜெட்டியை நம் பயன்பாட்டுக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்ளலாம். அந்தச் சின்ன உருவம்தான் அதன் பலம்.

கேரளத்தின் சுகாதாரத் துறைக்கு இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, மாவட்ட அளவில் சுகாதாரக் கணக்குகளைத் தொகுக்க உருவான மென்பொருள் டிஹெச்ஐஎஸ். நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகம் அதை வளர்த்தது. முதல் பதிப்பு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஓடியது. 2004 வாக்கில் அதைத் தூக்கிவிட்டு முழுக்கத் திறந்த மூல ஜாவாவில், உலாவி வழியே ஓடும்படி மறுபடி எழுதத் தொடங்கினார்கள். ஓஸ்லோ, இந்தியா, வியட்நாம் என்று பல ஊர் நிரலாளர்கள் கைகொடுத்தார்கள். அந்த டிஹெச்ஐஎஸ்2 உலகிலேயே முதன்முதலாகக் களத்தில் இறங்கியது 2006இல், கேரளத்தில். கட்டற்ற மென்பொருளுக்கு ஆதரவான மாநிலத்தின் கொள்கைக்கு அது பொருந்தியது.

அன்றைய ஆரம்ப சுகாதார நிலையத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை பிரசவம், எத்தனை தடுப்பூசி, எத்தனை காய்ச்சல் என்று மாதக் கடைசியில் படிவம் நிரப்ப வேண்டும். கணினி இருந்தால் இணையம் இருக்காது. இரண்டும் இருந்தால் மின்சாரம் போயிருக்கும். பாலக்காட்டின் வறண்ட கிழக்குப் பகுதிக்கும் இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. இப்படிப்பட்ட இடங்களுக்காகவே ‘டிஹெச்ஐஎஸ்2 லைவ்’ என்றொரு வடிவம் இருந்தது. இரண்டு முறை சொடுக்கினால் போதும், வலைத்தளம் முழுவதும் அந்த ஒற்றைக் கணினிக்குள்ளேயே எழுந்து நிற்கும். உள்ளே மடித்து வைத்திருந்த சர்வர் ஜெட்டிதான். கணக்கை ஏற்றியபின் கோப்பாக எடுத்து மேலிடத்துக்கு அனுப்பலாம். ஒரு சர்வருக்கு ஒரு ஆள் என்றால் வரிசைக்கே வேலையில்லை.

சிக்கல் வெற்றியோடு வந்தது. இணையம் பரவப் பரவ, ஊருக்கொரு நிறுவல் போய் நாட்டுக்கு ஒரே மையச் சர்வர் என்றானது. 2011இல் கென்யா அப்படி மாறியபோது மாவட்டங்கள் மொபைல் மோடம் வழியே நேரடியாக மையத்தில் பதிந்தன. மாதக் கெடு முடியும் நாளில் எல்லோரும் ஒரே வாசலில் வந்து நின்றால்? டிஹெச்ஐஎஸ்2 இதற்குக் கண்ட வழிகளில் ஒன்று அழகானது. பெரிய கோப்பு ஒன்றை ஏற்றும்போது, ‘காத்திருக்க மாட்டேன்’ என்று சொல்லி அனுப்பலாம். சர்வர் கோப்பை வாங்கிக்கொண்டு உடனே ஒரு பணி எண்ணைத் தந்து அனுப்பிவிடும். வேலை பின்னால் ஓடும். எண்ணைக் காட்டி எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். கனமான அறிக்கைப் பட்டியல்களை ஆள் நடமாட்டம் இல்லாத இரவில் தயாரித்து வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. 2020 ஜனவரியில் கொரோனா இலங்கையை எட்டியபோது, வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பின்தொடரும் பதிவேட்டை இலங்கைக் குழு சில நாட்களில் இதே மென்பொருளின்மீது கட்டிவிட்டது. பல நாடுகள் அதை எடுத்து மாற்றிப் பயன்படுத்தின.

எண்ணைக் கொடுத்து அனுப்பும் இந்த உத்தி எலப்புள்ளிக்காரர்களுக்குப் புதிதல்ல. அக்ஷயா சேவை மையத்தில் ஆதாருக்குக் கைரேகை கொடுத்த எல்லோர் வீட்டிலும் அந்த ஒப்புகைச் சீட்டு எங்காவது கிடக்கும். 14 இலக்கப் பதிவெண், பக்கத்தில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. ஆதார் எண் அன்றைக்கே கைக்கு வரவில்லை, பிறகுதான் வந்தது. கைரேகையை நாட்டின் மற்ற எல்லாக் கைரேகைகளோடும் ஒப்பிடும் வேலைக்கு நேரமாகும். அதுவரை மையத்து நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கவில்லை. ஆதாரின் உட்கட்டமைப்பும் பெரும்பாலும் திறந்த மூல ஜாவாதான். அதன் வடிவமைப்பு ஆவணம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கோட்பாடு ‘சீடா’.

சீடா 2001இல் பெர்க்லியில் பிறந்தது. மேட் வெல்ஷ், டேவிட் கல்லர், எரிக் புரூவர் ஆகிய மூவரின் ஆய்வுக் கட்டுரை அது. ஒரே எழுத்தர் தொடக்கம் முதல் முடிவுவரை ஒருவரைக் கட்டிக்கொண்டு அழுவதற்குப் பதில், வேலையைக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்குக் கட்டம் ஒரு தட்டு வைத்து, தட்டில் விழுந்ததை எடுத்து முடித்து அடுத்த தட்டில் போடு என்பது அதன் சாரம். எந்தத் தட்டு நிரம்பி வழிகிறது என்று பார்த்தாலே நோய் எங்கே என்று தெரிந்துவிடும். இதை நிரூபிக்க அவர்கள் எழுதிய ஜாவா சர்வருக்குப் பெயர் ஹபூப், பாலைவனப் புழுதிப்புயல். அன்றைய ஜாவாவில் பைட் வரும்வரை நிற்காமல் படிக்கும் வசதியே கிடையாது. அதற்கான நூலகத்தையும் அவர்களே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. 2002இல் வந்த ஜாவா 1.4 அந்த வசதியை மொழிக்குள் கொண்டுவந்தது. அதன் பெயர் நியோ.

நியோவில் ‘செலக்டர்’ என்று ஒன்று உண்டு. ஆயிரம் இணைப்புகளை அதனிடம் பதிந்துவைத்துவிட்டு, யாரிடம் ஏதாவது வந்திருக்கிறது என்று ஒரே கேள்வியாகக் கேட்கலாம். வந்தவர்களின் பட்டியல் மட்டும் கிடைக்கும். ஆயிரம் பேருக்கும் சேர்த்து ஒரே த்ரெட் போதும். வரிசையில் நிற்பது இனி எழுத்தர் அல்ல, நினைவகத்தில் ஒரு சிறு பதிவு. லாரியை வீட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, டோக்கனை மட்டும் வரிசையில் வைத்ததுபோல.

இந்த வசதியைக் கொழும்பில் ஒரு நிறுவனம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சஞ்சீவ வீரவரணவும் நண்பர்களும் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2. எழுதுவது அனைத்தும் திறந்த மூலம் என்ற உறுதியோடு, அபாச்சியின் சினாப்ஸ் என்ற மென்பொருளை வளர்த்த நிறுவனம். சினாப்ஸின் வேலை, ஒரு மென்பொருள் அனுப்பும் செய்தியை வாங்கி இன்னொன்றுக்குச் சேர்ப்பது. நடுவில் நிற்பவருக்குத்தான் காத்திருப்பு இரட்டிப்பு: அனுப்புபவருக்காகவும் காக்க வேண்டும், பெறுபவருக்காகவும் காக்க வேண்டும். அதனால் நியோவின் மேல் கட்டினார்கள். பிறகு ஒரு படி மேலே போய், வந்த செய்தியின் உள்ளடக்கத்தைத் தேவையில்லாமல் பிரித்தே பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் பைட்டுகளை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் அப்படியே ஊற்றிவிடும் குழாய். சீல் உடைக்காத கன்டெய்னரை மேல் எண்ணைப் பார்த்து அனுப்புகிற மாதிரி. 2010களின் தொடக்கத்தில் ஈபே நிறுவனம் இதைக்கொண்டு ஒரு நாளில் 100 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்களைக் கடத்தியது. நொடிக்குச் சராசரியாக 11,500 தாண்டும். கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்துக்கு அதன் முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கொழும்பில் இது முளைத்தது தற்செயல் அல்ல என்று புரியும்.

உலாவிப் பக்கத்தில் நெருக்கடி வேறு வடிவில் வந்தது. அரட்டைப் பெட்டிகள் வந்தன. ‘எனக்குச் செய்தி வந்தால் சொல்’ என்று கேட்டுவிட்டு நிமிடக்கணக்கில் காத்திருக்கும் இணைப்புகள். ஜெட்டி 6இல் வில்கின்ஸ் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். கோரிக்கையைத் தூங்கவைக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையை எறிவார். த்ரெட் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே ஓடிவிடும். செய்தி வந்ததும் அதே கோரிக்கையை முதலிலிருந்து மறுபடி ஓட்டுவார். நிரல் சுத்தம் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கும் வேலை. ஆனால் வேலைக்கு ஆனது. ஜாவா சர்வர்கள் பின்பற்றும் சர்வ்லெட் என்ற தரத்தின் 3.0 பதிப்பு 2009 டிசம்பரில் வந்து, பிழை எறிகிற நாடகம் இல்லாமல் அதை முறையாகச் செய்ய வழிவிட்டது. டாம்கேட்டும் 2014இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து நியோவையே இயல்பாக்கிக்கொண்டது.

கொரியாவின் டிரஸ்டின் லீ எழுதிய நெட்டி இன்னும் தீவிரம். சர்வ்லெட் என்ற பழைய வீட்டையே விட்டு வெளியேறி, எல்லாமே நிகழ்வுகள் என்று தொடங்கியது. 2011இல் ட்விட்டர் தன் தேடல் பக்கத்தின் முன்வாசலை ரூபியிலிருந்து நெட்டிமீது கட்டிய ஜாவா சர்வருக்கு மாற்றி, மூன்று மடங்கு வேகம் என்று அறிவித்தது. அதே ஆண்டில் டிம் ஃபாக்ஸ் தொடங்கிய வெர்ட்.எக்ஸும் நெட்டியின் தோளில் நிற்பதுதான்.

ஆனால் இதற்கு விலை உண்டு, அது நிரலாளரின் தலையில் விழுந்தது. முன்பு ‘கோப்பை எடு, பெயரைப் பார், பதில் எழுது’ என்று மூன்று வரியில் முடிந்த வேலை, ‘கோப்பு வந்தால் இதைச் செய், இது முடிந்தால் அதைச் செய், நடுவில் பிழை வந்தால் வேறொன்று’ என்று வெங்காயத்தோலாக உள்ளுக்குள் போனது. இன்னொரு ஆபத்தும் சேர்ந்தது. ஆயிரம் பேரைப் பார்த்துக்கொள்ளும் ஒற்றைத் த்ரெட்டில் யாராவது தெரியாமல் ஐந்து நொடி தூங்கும் ஒரு வரியை எழுதிவிட்டால், ஆயிரம் பேரும் நின்றுபோவார்கள். இருநூறு கவுண்டர் இருந்த காலத்தில் அந்தத் தப்பு ஒரு கவுண்டரோடு போயிருக்கும். பத்தாண்டுகளாக நிறைய அலுவலகங்கள் அவசியமே இல்லாமல் இந்தச் சிக்கலை விலைக்கு வாங்கின. நொடிக்கு ஐம்பது பேர் வரும் தளத்துக்கு இருநூறு கவுண்டரே அதிகம்.

ஜாவா மொழியைக் கட்டிக்காப்பவர்கள் வேறு வழியாக யோசித்தார்கள். எழுத்தர் விலையுயர்ந்தவர் என்பதுதானே பிரச்சினை, எழுத்தரையே மலிவாக்கினால்? ரான் பிரெஸ்லர் தலைமையில் லூம் என்ற திட்டம் பல ஆண்டுகள் நடந்தது. 2023 செப்டம்பரில் ஜாவா 21 ‘விர்ச்சுவல் த்ரெட்’டுகளோடு வெளிவந்தது. எழுதுபவர் பழைய மூன்று வரியையே எழுதலாம். காத்திருக்க வேண்டிய இடம் வந்ததும் ஜாவா அந்த த்ரெட்டைச் சுருட்டி நினைவகத்தில் வைத்துவிட்டு, அதைச் சுமந்துவந்த உண்மையான த்ரெட்டை விடுவிக்கும். பைட் வந்ததும் விரித்து, விட்ட வரியிலிருந்து ஓட்டும். லட்சக்கணக்கில் உருவாக்கலாம். டாம்கேட், ஜெட்டி இரண்டும் உடனே கைகோத்துக்கொண்டன.

2024 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். ஜாவா 21, உள்ளே டாம்கேட், விர்ச்சுவல் த்ரெட். சில சர்வர்கள் உயிரோடு இருந்தபடியே பதில் சொல்வதை நிறுத்தின. மறுமுனை மூடிவிட்டுப் போன இணைப்புகள் மட்டும் எண்ணிக்கையில் ஏறிக்கொண்டே இருந்தன. வழக்கம்போல ஜேஸ்டாக்கை ஓட்டினார்கள். இந்த முறை பட்டியலில் யாருமே இல்லை. சர்வர் வேலையே இல்லாமல் சும்மா இருப்பதுபோலக் காட்டியது. ஜேஸ்டாக் விர்ச்சுவல் த்ரெட்டுகளைக் காட்டாது என்பது பிறகே உறைத்தது. வேறு கட்டளை கொடுத்துப் பார்த்தபோது, ஆயிரக்கணக்கானவை தொடங்கவே இடமில்லாமல் கிடந்தன.

அந்தப் பெட்டியில் சுமக்கும் த்ரெட் நான்குதான். ‘சின்க்ரனைஸ்டு’ என்ற பழைய பூட்டுக்குள் இருந்துகொண்டு இன்னொரு பூட்டுக்காகக் காத்திருந்தால், ஜாவா 21ஆல் விர்ச்சுவல் த்ரெட்டைச் சுருட்டி இறக்க முடியாது. சுமப்பவர் தோளிலேயே ஆணியடித்ததுபோல ஒட்டிக்கொள்ளும். நான்கு தோளிலும் அப்படி நான்கு ஒட்டிக்கொண்டன. அவை கேட்ட பூட்டை அடுத்துப் பெற வேண்டிய ஐந்தாவதுக்கு ஏறி ஓடத் தோள் இல்லை. 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24, ‘சின்க்ரனைஸ்டு’க்குள் நின்றாலும் இறங்கிக்கொள்ளலாம் என்று அந்த ஆணியைப் பிடுங்கியது.